தோட்டத்துக் கடையும் கடன் புத்தகமும்

மலேசியாவின் கோலசிலாங்கூரிலும் உலு சிலாங்கூர் வரை பரந்து கிடக்கும் தோட்டங்களிலும் மளிகைக் கடை நூறாண்டுக்கு மேலாகக் கடன் தரும் இடமாகவே இயங்கி வந்திருக்கிறது. அரிசியும் பருப்பும் கருவாடும் அந்தக் கடனின் வழியாகத்தான் தோட்டக் குடியிருப்பான லயத்தின் அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தன. கூலி எப்படிக் கொடுக்கப்பட்டதோ அப்படியே கடையும் அமைந்தது. கூலிமுறை மாறிய ஒவ்வொரு தடவையும் கடையும் மாறியது. இந்த வட்டாரத்தில் தமிழர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை அறிய விரும்புகிறவர் கோயிலையும் பள்ளியையும் பார்ப்பதோடு நிற்காமல் கடையின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

வட்டாரத்தின் முதுகெலும்பு சிலாங்கூர் ஆறு. கிழக்கே கோலகுபுவை ஒட்டிய மலைகளில் இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தை வழியாக மேற்கே வளைந்து ஓடி, கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் ஈயம் கிடைத்தது. நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் கித்தாவும் (ரப்பர்) பின்னால் செம்பனையும் வந்தன. கரையோரத்தில் தென்னை, வடக்கே தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் பக்கம் நெல். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை போன்ற சிறு பட்டணங்கள் எல்லாம் இந்தத் தோட்டங்களுக்குச் சாமான் விற்கும் கடைவரிசைகளாகவே வளர்ந்தவை.

தமிழர்கள் பெருந்திரளாக வருவதற்கு முன்பே கடன் முறை இங்கே வேரூன்றியிருந்தது. கோலசிலாங்கூர் ஒரு காலத்தில் சிலாங்கூர் சுல்தான்களின் தலைநகரம். 1784-இல் டச்சுக்காரர்கள் வந்து மலாவத்தி குன்றின் கோட்டையைப் பிடித்ததும் ஆற்றின் வாயை அடைத்துவிட்டால் ஈய வணிகத்தைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆற்றின் மேற்பகுதிக்குப் போனபோது, முதலீடு செய்த சீன முதலாளியான தவுக்கே அவர்களுக்கு அரிசியும் எண்ணெயும் அபினும் முன்கடனாகக் கொடுத்தார். ஈயம் விற்றபின் கணக்குத் தீர்க்கப்பட்டது. சாமானின் விலையைத் தவுக்கேயே வைத்தார் என்பதால் லாபத்தின் பெரும்பகுதி சுரங்கத்தைவிடக் கடையிலிருந்தே அவருக்குக் கிடைத்தது. பின்னால் தோட்டங்களில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான்.

உலு சிலாங்கூரின் பழைய கடைத்தெருவான கோலகுபு பட்ட பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 1883 அக்டோபரில் அந்த ஊரின் மேலே இருந்த பழைய அணை உடைந்து வெள்ளம் ஊரை அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரியாக இருந்த சிசில் ராங்கிங் என்ற ஆங்கிலேயரும் அதில் இறந்தார். பிழைத்தவர்கள் மறுபடி கடை கட்டினார்கள். ஆனால் சுரங்க மண் ஆற்றில் படிந்து படிந்து வெள்ளம் அடிக்கடி வந்ததால் ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்ற முடிவாயிற்று. நகரமைப்பாளர் சார்ல்ஸ் ரீட் வகுத்த திட்டப்படி கோலகுபு பாரு உருவாகி, 1931 வாக்கில் நிர்வாகமும் கடைகளும் அங்கே குடியேறின. இன்று அந்த ஊருக்கு மேலே சிலாங்கூர் அணையின் ஏரி விரிந்து கிடக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கித்தா வந்தது. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்து, பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். அவர் பின்னால் எழுதிய 'மலேசி' என்ற நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தமிழ்த் தொழிலாளர்களும் அந்த நாவலில் நடமாடுகிறார்கள். அவரைப் போன்ற துரைமார்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறையில் இந்தியர்களைக் கொண்டுவருவது நிறுத்தப்பட்டதும் கங்காணி முறையே முதன்மை பெற்றது. கங்காணி தன் ஊருக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போய் உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்துவந்தார். ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைத்தது.

தோட்டத்து முதல் கடைக்காரர் பெரும்பாலும் இந்தக் கங்காணிதான். கைக்காசு அவரிடம் மட்டுமே புரண்டது. துரையிடம் செல்வாக்கும் அவருக்குத்தான் இருந்தது. யார் எத்தனை நாள் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வந்தார், எவ்வளவு பால் எடுத்தார் என்பதும் அவருக்குத் தெரியும். எனவே கடன் கொடுப்பதில் அவருக்கு ஆபத்தே இல்லை. வேலை வாங்குகிறவரும் வட்டிக்குக் கொடுக்கிறவரும் அரிசி விற்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில், கடன்பட்டவர் தோட்டம் மாறிப் போக நினைத்தாலும் போக முடியவில்லை. கங்காணி முறையைப் பற்றி அக்காலத்திலேயே எழுந்த குறைகளில் இது முக்கியமானது, மிக நியாயமானதும் கூட.

கங்காணிக்கு அடுத்தபடி வந்தவர்கள் பல வகையினர். ராமநாதபுரம், நாகூர், காரைக்கால் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் பட்டணத்தில் கடை வைத்தார்கள். மலையாள முஸ்லிம்களின் 'காக்கா கடை' தேநீரும் ரொட்டியும் விற்றது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் சில்லறைக் கடையில் உட்காரவில்லை. கடை வைப்பவருக்கும் தோட்டம் வாங்குபவருக்கும் அவர்கள் பணம் கொடுத்தார்கள். எண்ணிக்கையில் அதிகம் சீனர்களின் கடைகள்தான். தோட்டத்து வாசலில் கடை வைத்திருந்த சீனர் பலர் சரளமாகத் தமிழ் பேசினார்கள். மிளகாய், மல்லி, சீரகம், புளி, நல்லெண்ணெய், வெற்றிலை, பாக்கு, புகையிலை எதுவும் அவர்களிடம் இல்லாமல் இருந்ததில்லை.

அரிசி மட்டும் பல தோட்டங்களில் நிர்வாகத்தின் வழியாகவே வந்தது. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசியைத் தொழிலாளர்களுக்கு அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 1920-களின் இறுதியில் சிலாங்கூர் கரையோரத்தில் நிர்ணயிக்கப்பட்ட கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதம் 24 நாள் வேலை கிடைத்த ஆணுக்கு 12 வெள்ளி. அரிசிக் காசு போனபின் மிஞ்சியதில் பெரும்பகுதியைக் கடை எடுத்துக்கொண்டது. கைக்கு வந்த கொஞ்சத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்ப வேண்டும்.

கடன் நடந்த விதத்தை விளக்கமாகப் பார்ப்பது நல்லது. செக்ரோல் என்ற பெயர்ப்பதிவேட்டின்படி மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் போடப்பட்டது. வயிறோ தினமும் கேட்டது. எனவே சம்பளம் வாங்கிய நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் கடனில்தான் வாங்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரரின் பெயரில் கடையில் ஒரு கணக்கு இருக்கும். வீட்டில் ஒரு சிறு புத்தகம் இருக்கும். அட்டையில் '555' என்று அச்சிட்ட, சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சிறு குறிப்பேடு பிற்காலத்தில் மலேசியா முழுவதும் கடன் புத்தகமாகவே பெயர்பெற்றுவிட்டது. பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் புத்தகத்தையும் கொடுத்து அனுப்புவார்கள். கடைக்காரர் சாமானைக் கட்டிக் கொடுத்து, தேதியையும் தொகையையும் இரண்டு இடத்திலும் எழுதுவார். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் கடைக்காரர் எழுதியதே கணக்கு. தமிழ்ப்பள்ளிக்குப் போன பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கூட்டிப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து நிலைமை கொஞ்சம் மாறியது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் குடும்பங்களுக்குச் செய்த நன்மைகளில் இதைக் குறைவாக மதிப்பிடக் கூடாது.

கடனுக்கு வட்டி என்று தனியாக எழுதுவதில்லை. வட்டி விலைக்குள்ளேயே இருந்தது. பட்டணத்தில் விற்கும் விலையைவிடத் தோட்டத்துக் கடையில் கூடுதலாக வைத்திருப்பார்கள். கைக்காசு கொடுத்து வாங்கினாலும் விலை குறையாது. ஒரு கடையில் பாக்கி வைத்திருப்பவர் வேறு கடைக்குப் போக முடியாது. போனது தெரிந்தால் பழைய பாக்கியை உடனே கேட்பார்கள். சம்பள நாளன்று கடைக்காரர் ஆபீசுக்கு அருகிலேயே வந்து நிற்பதும் வழக்கம். சம்பளப் பணம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு அங்கேயே மாறிவிடும். மறுநாள் காலையில் புதுக் கடன் தொடங்கும்.

பருவமும் கடனைக் கூட்டியது. காலையில் மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது, அன்றைய கூலி இல்லை. சிலாங்கூரில் அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் மழை மிகுந்தவை. தீபாவளி வருவதும் அந்த மாதங்களில்தான். வருமானம் குறைந்த நேரத்தில் புதுத்துணியும் எண்ணெயும் மாவும் ஆட்டிறைச்சியும் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பாக்கி அடைபடுவதற்குள் பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலையுதிர்க்கும், பால் வற்றும். இப்படித் தீபாவளிக் கடன் பல வீடுகளில் சித்திரை வரை நீண்டது. தொழிலாளி குடித்து அழித்தான், செலவாளி என்று அக்காலத்து நிர்வாகக் குறிப்புகள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. மாதச் சம்பளத்தையும் மழையையும் பண்டிகையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அந்தப் பழி நிற்காது.

குடியும் இருந்தது என்பது உண்மைதான். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. மளிகைக் கடையின் பாக்கியை அடைக்க வேண்டிய காசு மாலையில் அங்கே போயிற்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கூலி உயர்வு கேட்டதோடு தோட்டங்களிலுள்ள கள்ளுக்கடைகளை மூடவும் கோரினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஆர். எச். நாதனை அரசு கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பிவிட்டது. போராட்டத்தை ஒடுக்க ராணுவம் வந்தது. தொழிலாளியைக் குடிகாரன் என்று சொன்ன நிர்வாகமே கள்ளுக்கடையை நடத்த இடம் கொடுத்தது என்பதையும், அதை மூடச் சொன்னவர்கள் தொழிலாளர்களே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பத்தாண்டு முன்பு வந்த உலகப் பொருளாதார மந்தம் கடைகளை உலுக்கியிருந்தது. கித்தா விலை வீழ்ந்ததும் 1930-இல் ஆணின் கூலி 50 காசிலிருந்து 40 ஆகவும், பெண்ணின் கூலி 40-லிருந்து 32 ஆகவும் குறைக்கப்பட்டது. பிறகு இன்னும் குறைந்தது. வேலை இழந்த பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களோடு அவர்களுடைய பாக்கியும் கப்பலேறிப் போனது.

1942 ஜனவரி தொடக்கத்தில் ஜப்பானியர் கோலசிலாங்கூர்க் கரையை எட்டினார்கள். அந்த ஆண்டே பர்மாவும் அவர்கள் கையில் விழுந்தது. ரங்கூன் அரிசியை நம்பியிருந்த தோட்டங்களுக்கு அரிசி வரத்து நின்றுபோனது. லயத்தைச் சுற்றி மரவள்ளிக் கிழங்கு போட்டு அதைத் தின்றுதான் மக்கள் உயிர் பிழைத்தார்கள். உப்பு, சீனி, துணி எதுவும் கடையில் இல்லை. இருந்தவை கள்ளச் சந்தை விலைக்கு விற்றன. தோட்டங்களிலிருந்து ஆண்கள் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும் எண்ணிக்கையினர் திரும்பவில்லை. 1945-இல் பிரிட்டிஷார் திரும்பியபோது ஜப்பானியர் அச்சடித்த 'வாழைமர நோட்டு' செல்லாது என்று அறிவித்தார்கள். அதைச் சேர்த்து வைத்திருந்த கடைக்காரரும் தொழிலாளியும் ஒரே நாளில் வெறுங்கையரானார்கள்.

போர் முடிந்து மூன்றே ஆண்டில், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டி, அவசரகாலம் வந்தது. 1948 ஜூனில் தொடங்கி 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் உலு சிலாங்கூர் மிகவும் கடுமையாக அடிபட்டது. 1948 டிசம்பர் 12 அன்று பத்தாங்காலி அருகே கித்தாத் தோட்டம் ஒன்றில் ஆயுதம் இல்லாத 24 சீனர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். 1951 அக்டோபர் 6 அன்று கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கொல்லப்பட்டார்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டுப் பணியவைப்பது அரசின் உத்தி. அதற்கு முதலில் கட்டுப்படுத்த வேண்டியது மளிகைக் கடையை. அரிசி பங்கீட்டு முறையில் வந்தது. சில இடங்களில் அரிசியாகவே விற்காமல் பொதுச் சமையலறையில் சமைத்த சோறாகக் கொடுத்தார்கள். தகர டப்பாவில் அடைத்த மீனையோ பாலையோ விற்றால், கடைக்காரர் அதை அங்கேயே குத்தித் துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். காட்டுக்குள் கொண்டுபோய் வைத்துத் தின்ன முடியாதபடி அது கெட்டுவிடும். உணவுச் சாமான் ஏற்றிய லாரிகள் குறித்த சாலைகளில் பகல் நேரத்தில் மட்டும் ஓடின. கட்டுப்பாட்டுப் பொருளை யாருக்கு எவ்வளவு விற்றார் என்பதைக் கடைக்காரர் எழுதி வைக்க வேண்டியிருந்தது. சிதறிக் கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றாகக் குவிக்கப்பட்டன. பால் வெட்டப் போகிறவர்கள் வாசலில் சோதனை செய்யப்பட்டார்கள். மதியத்துக்கு ஒரு பொட்டலம் சோறு கொண்டுபோவதே சந்தேகத்துக்கு இடமாயிற்று. கடைக்காரர் இரண்டு பக்கமும் அஞ்சி நடந்தார். காட்டிலிருந்து கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தால் சிறை, கொடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து.

இந்தக் காலத்தில்தான் தொழிற்சங்கம் உறுதியாக நிலைபெற்றது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு, 1955-இல், வேலைச் சட்டம் வந்தது. அதன் சில பிரிவுகள் தோட்டத்துக் கடையை நேரடியாகக் குறிவைத்தவை. சம்பளத்தை இன்ன இடத்தில், இன்னாரிடம்தான் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடுவதை 26-ஆம் பிரிவு செல்லாததாக்கியது. சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்தால் அதற்கு வட்டியோ தள்ளுபடியோ பிடிக்கக் கூடாது என்றது 27-ஆம் பிரிவு. குடிக்கும் இடங்களிலோ சில்லறைக் கடைகளிலோ வைத்துச் சம்பளம் கொடுப்பதை, அங்கேயே வேலை செய்பவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு, 28-ஆம் பிரிவு தடுத்தது. மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட வேண்டும் என்றும் சட்டம் கூறியது. இவை நல்ல சட்டங்கள், தொழிலாளர்களுக்கு உண்மையான பாதுகாப்புத் தந்தவை. ஆனால் இவை முதலாளியைத்தான் கட்டுப்படுத்தின. தனியாகக் கடை நடத்துபவர் கடனுக்கு என்ன விலை வைத்தார் என்பது சட்டத்தின் கைக்கு எட்டவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பக் கூட்டுறவு முயன்றது. மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922-இலேயே வந்து, தோட்டத் தொழிலாளர்களிடையே சிக்கனச் சங்கங்கள் தொடங்கப்பட்டிருந்தன. போருக்குப் பின் கூட்டுறவுக் கடைகளும் திறக்கப்பட்டன. விலை நியாயமாக இருந்தது. ஆனால் கூட்டுறவுக் கடை கைக்காசு கேட்டது, மாதக் கடைசியில் கையில் காசில்லாதவர் பழைய கடைக்கே திரும்பினார். நிலத்தை வாங்குவதில் கூட்டுறவு அதைவிட வெற்றி பெற்றது. ஐம்பதுகளில் பெருந்தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையிழந்தபோது, ம.இ.கா. தலைவர் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குப் பணத்தில் அது தோட்டங்களை வாங்கியது. அறுபதுகளின் கடைசியில் வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானதும், குடியுரிமை எடுக்காத ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்ப நேர்ந்தது. தோட்டத்துக் கடைகள் ஒரு தலைமுறை வாடிக்கையாளரை இழந்தன.

இந்த வட்டாரத்தின் தோற்றத்தையே மாற்றியது செம்பனை. அது தொடங்கியதும் இங்கேதான். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில், காப்பி சரிவராத நிலத்தில், 1917-இல் ஃபோகோனியே நட்டதுதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். ஆயினும் பெரிய அளவில் கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டது அறுபதுகளிலிருந்துதான். 1990 வாக்கில் நாட்டில் செம்பனையின் பரப்பு கித்தாவை மிஞ்சியது. கித்தா மரத்தை ஓரிரு நாளைக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். செம்பனைக் குலையை ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அறுத்தால் போதும். அதே நிலத்துக்கு ஆள் குறைவாகத் தேவைப்பட்டது. கனத்த குலையை உயரத்திலிருந்து அறுத்து இழுப்பது ஆண்களின் வேலையானது. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவதும் மருந்து தெளிப்பதும் மிஞ்சின. கணவனும் மனைவியும் சேர்ந்து பால் வெட்டி இரண்டு சம்பளம் வாங்கிய வீட்டில் ஒரு சம்பளம் குறைந்தால், கடைக்காரரின் புத்தகத்தில் அது முதலில் தெரியும். பிள்ளைகள் ரவாங், சுங்கை பூலோ, ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறினார்கள்.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு இரட்டை அடி விழுந்தது. அந்த ஊர் தோட்டத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல்கள் அங்கே பல்லாண்டுகளாக ஓடின, அவற்றில் வேலை செய்தவர்கள் கடைத்தெருவுக்கு நல்ல வாடிக்கையாளர்கள். 1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றம் கடனை அடைக்க முடியாமல் நிலைகுலைந்தது, ஈய விலை பாதாளத்துக்குப் போனது. பின்வந்த ஆண்டுகளில் கப்பல்கள் நின்றன. தோண்டிய பள்ளங்களில் நீர் நிரம்பி ஊரைச் சுற்றி ஏரிகளாயின. 2014-இல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது இந்த ஏரிகளின் நீரைச் சிலாங்கூர் ஆற்றுக்கு இறைத்தார்கள். 2007-இல் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் அருகே வந்ததால் மாணவர்கள் வந்தார்கள். அவர்கள் அரிசி மூட்டையோ புளியோ வாங்குவதில்லை. உடனடி மீயும் பிஸ்கட்டும் கைப்பேசிக்கு ரீலோடும் கேட்டார்கள்.

தோட்டத்துக்குள் வேறொரு மாற்றம் நடந்தது. தமிழ்க் குடும்பங்கள் வெளியேற, இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் வந்து லயங்களில் தங்கினார்கள். கடையும் அவர்களுக்கு வேண்டியதை வாங்கி வைத்தது. வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கடன் கொடுப்பது கடைக்காரருக்குப் பெரிய ஆபத்து, பெர்மிட் முடிந்தால் போய்விடுவார். தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்தில் இருந்தவர்களை நம்பி வளர்ந்த கடன் முறை அங்கே பொருந்தவில்லை. வெளியேறிய குடும்பங்களும் எளிதில் வீடு பெற்றுவிடவில்லை. உலு சிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. தோட்டம் கைமாறும்போது கோயிலுக்கும் பள்ளிக்கும் என்ன ஆகும் என்று கேட்க ஆள் இருந்தது. கடைக்காக யாரும் மனுப் போட்டதாகத் தெரியவில்லை.

சம்பளமும் வேறு வடிவம் எடுத்தது. நாள்கூலிக்குப் பதிலாக நிலையான மாதச் சம்பளம் வேண்டும் என்ற தோட்டத் தொழிலாளரின் நெடுங்காலக் கோரிக்கைக்கு 2000-களின் தொடக்கத்தில்தான் ஓரளவு பலன் கிடைத்தது. 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியாயிற்று. பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆபீஸ் வாசலில் நின்று பாக்கி வசூலிக்க இனிக் கடைக்காரரால் முடியாது.

அந்தச் சம்பளம் எங்கே போகிறது என்பதைச் சாலைகள் தீர்மானித்தன. 2011-இல் ஈஜோக்கிலிருந்து தெம்ப்ளர் பூங்கா வரை லதார் நெடுஞ்சாலை திறந்தது. தலைநகரின் பேரங்காடிகள் பக்கத்தில் வந்துவிட்டன. பிறகு பேரங்காடிகளே சிறு உருவெடுத்துச் சிறு பட்டணங்களுக்கு வந்தன. 99 ஸ்பீட்மார்ட் 1987-இல் கிள்ளானில் ஒரு சிறு மளிகைக் கடையாகத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையில் பதிவானபோது அதன் கடைகள் 2,600-ஐத் தாண்டியிருந்தன. மொத்தமாக வாங்குவதால் விலை குறைவு, எல்லா இடத்திலும் ஒரே விலை, விலைச்சீட்டு எல்லாருக்கும் தெரியும்படி ஒட்டப்பட்டிருக்கிறது. தோட்டத்து மக்களை நூறாண்டாக ஏமாற்றிய மறைவட்டி அங்கே இல்லை. இதை வளர்ச்சி என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடனும் அங்கே இல்லை. மாதக் கடைசியில் பிள்ளைக்குப் பால்மாவு வாங்கக் காசில்லாதவர் அங்கே போய்ப் பெயர் சொல்லி வாங்க முடியாது. பழைய கடைக்காரர் விலையைக் கூட்டி வைத்தார். ஆனாலும் குடும்பத்தின் வருமானம் அவருக்குத் தெரியும், தாங்க முடியாத அளவுக்குப் பாக்கி ஏறும்போது அவரே நிறுத்துவார். இன்று அவசரத்துக்கு ஆலோங் என்ற சட்டவிரோத வட்டிக்காரரிடம் போகிறவரை நிறுத்த யாரும் இல்லை.

ஊர்க் கடைகளில் தாக்குப்பிடித்தவை பெரிய கடையில் கிடைக்காததை விற்பவை. கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழையிலை, வெற்றிலை, கற்பூரம், பூசைச் சாமான், பூமாலை, வறுத்து அரைத்த மசாலைத்தூள் ஆகியவை அவற்றின் பலம். ஆடி மாதத்திலும் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் முன்னாலும் கூட்டம் வருகிறது. எரிவாயு உருளையை வீடுவரை கொண்டுபோய்க் கொடுப்பதும் முதியவர்களுக்கு ஒரு பெரிய உதவி. விலைக் கட்டுப்பாட்டிலுள்ள சாமான்களில் லாபம் மிகக் குறைவு. மானிய விலைச் சமையல் எண்ணெய் ஒரு கிலோப் பொட்டலம் 2 வெள்ளி 50 காசு, உள்நாட்டு அரிசி 10 கிலோ 26 வெள்ளி. இவற்றை வைத்திருப்பது ஆள் வருவதற்காகத்தான்.

கடைகளின் அடுத்த கட்டத்தை இப்போது ஓர் அட்டை தீர்மானிக்கிறது. அடிப்படைச் சாமான் வாங்க அரசு தரும் சாரா உதவித்தொகை ரொக்கமாக வருவதில்லை, மைகார்டு என்ற அடையாள அட்டையில் ஏற்றப்படுகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் தலா 100 வெள்ளி இப்படிக் கிடைத்தது. அரிசி, முட்டை, எண்ணெய், மாவு, பிஸ்கட், மருந்து, சவர்க்காரம், பள்ளிச் சாமான் போன்றவற்றை வாங்கலாம். ஆனால் திட்டத்தில் பதிந்துகொண்ட கடையில் மட்டுமே அட்டை செல்லும். சங்கிலிக் கடைகள் முதல் நாளே ஆயத்தமாக இருந்தன. சிறு கடைக்காரருக்கு அட்டையைப் படிக்கும் கருவி வேண்டும், சாமான்கள் கணினிக் கணக்கில் ஏற வேண்டும், எழுதி வைத்துப் பழகியவருக்கு அது எளிதல்ல. முயன்றால் முடியாததும் அல்ல. பேரப்பிள்ளை ஒருவர் உட்கார்ந்து உதவினால் போதும். கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் பக்கத்துச் சிறு கடைக்காரர்கள் தயங்காமல் பதிந்துகொள்ள வேண்டும். அட்டையில் பணம் வந்தவர்களும் பட்டணத்துக்குப் போகுமுன், பக்கத்துக் கடையில் அந்த அட்டை செல்லுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.